மாலை மாற்றலில் பிடித்துக்கொண்ட முதுகு

மனிதனுக்குத் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. இதை ஒரு குறை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது, கருணையோடு செய்யப்பட்ட ஏற்பாடு என்று தோன்றுகிறது. பார்க்க முடிந்திருந்தால், இருபத்தெட்டு வயதில் என் முதுகு இருந்த நிலையையும் அதன்மேல் நான் வைத்திருந்த நம்பிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்து, அன்றே வெட்கப்பட்டிருப்பேன்.

இந்தக் கதையைச் சொல்லும் உரிமை எங்கள் குடும்பத்தில் என்னிடம் இருந்ததில்லை. அதை வைத்திருந்தவர் இப்போது இல்லை. கேட்டுப் பழகியவர்கள் இன்னும் கேட்கிறார்கள்; ஆகவே எழுதுகிறேன். அவர் சொன்னால் சிரிப்பு எழும் இடங்களில், நான் சொன்னால் விளக்கம் எழுகிறது. (முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற பழக்கம். பொறுத்தருள வேண்டும்.)

எழுபதுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளனாக இருந்தேன். பாடம், இயந்திரவியல். எவ்வளவு பெரிய பாரமானாலும் அதை எந்தப் புள்ளியில் பிடித்து, எந்தக் கோணத்தில், எவ்வளவு விசை கொடுத்துத் தூக்க வேண்டும் என்பதைப் படம் போட்டு விளக்குவேன். நானாகத் தூக்கிய பாரம் என்று சொன்னால், அந்தப் படத்தை அழிக்கும் டஸ்டர் ஒன்றுதான்.

அந்த வைகாசியில் என் அக்காவின் பெண் ராஜிக்குக் கல்யாணம். அதே ஊரில், ஸ்ரீவராகத்தில் அக்கா வீட்டு வாசலை அடைத்துத் தெருவிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். எங்களவர் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாலை மாற்றல் என்று ஒரு சடங்கு உண்டு. பெண்ணை அவளுடைய தாய்மாமனும் பிள்ளையை அவனுடைய தாய்மாமனும் தூக்கிக்கொள்வார்கள். தூக்கப்பட்டவர்கள் ஒருவர் கழுத்தில் ஒருவர் மாலை போட வேண்டும். போடவிடாமல் மாமன்மார் எகிறுவார்கள், விலகுவார்கள், பின்வாங்குவார்கள். சாஸ்திரத்தில் இதற்கு என்ன பொருள் சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உடற்கூறு சாஸ்திரத்தில் என்ன பொருள் என்பது பிறகு தெரிந்தது.

ராஜிக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

அதே பந்தலில் எனக்கு வேறொரு சோதனையும் காத்திருந்தது. செக்ரடேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் மனைவியோடும் மகள் கோமதியோடும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது. 'கல்யாணத்துக்கு வந்தாப்பல வந்து பையனைப் பாத்துக்கட்டும். நாமும் பொண்ணைப் பாத்துக்கலாம்' என்பது என் அம்மாவின் திட்டம். பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் உத்தியோகம் என்று தரகர் சொல்லியிருந்தார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பில் எழுதும் வேலை என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அவர்களும் திருத்தவில்லை.

திருத்தாததற்குக் காரணம் இருந்தது. கோமதி படித்திருந்தது பிசியோதெரபி. அந்தச் சொல்லையே அப்போது அக்ரஹாரத்தில் பலர் கேள்விப்பட்டிருக்கவில்லை. கேள்விப்பட்டவர்களுக்கு அது, அந்நிய ஆண்களின் கையையும் காலையும் பிடித்துவிடும் வேலை. அதை அறிந்ததும் ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஆகவே அன்று காலை புறப்படும்போது அவள் அம்மா கெஞ்சியிருக்கிறாள்: "கோமு, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதேடி. கழுத்துல மூணு முடிச்சு விழட்டும். அப்புறம் யார் காலை வேணும்னாலும் பிடிச்சுக்கோ." இதையெல்லாம் பிற்பாடுதான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தலில் எங்கோ ஒரு ஜோடிக் கண்கள் என்னைப் பார்க்கின்றன என்பது மட்டுமே. அந்த நினைப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை அடக்கமாகத் தூக்கியிருப்பேன்.

பிள்ளையின் மாமா பாலக்காட்டுக்காரர். ரயில்வேயில் உத்தியோகம், ரயில்வே வாலிபால் கோஷ்டியிலும் இருந்தவர். மாப்பிள்ளையை அவர் தூக்கிய விதத்தைப் பார்த்தால், சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்க்க எடுத்ததுபோல் இருந்தது. அத்திம்பேர், அதாவது ராஜியின் அப்பா, என் பக்கத்தில் வந்தார்.

"சுப்புணி, உன்னால முடியுமோ? இல்லேன்னா நம்ம ராமநாதனைக் கூப்பிடட்டா? அவனும் மாமா முறைதான்."

"அத்திம்பேர், இது பலத்துல இல்லே. பாலன்ஸ்ல இருக்கு. சென்டர் ஆஃப் கிராவிட்டி எங்கே இருக்குன்னு தெரிஞ்சா..."

"அது எங்கே வேணும்னாலும் இருந்துண்டு போகட்டும்பா. என் பொண்ணைக் கீழே போட்டுடாதே. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

ராஜி என் காதில், "மாமா, தூக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்கோ, பயமா இருக்கு" என்றாள். சொல்லாமல் தூக்கினேன்.

முதல் மாலை சரியாக நடந்தது. இரண்டாவதும் நடந்தது. அதில் எனக்குத் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவது மாலையின்போது பாலக்காட்டு மாமா பின்னால் நகர்ந்து, நுனிக்காலில் எழும்பி, மாப்பிள்ளையின் கழுத்தைப் பந்தல் தோரணத்துக்கு அருகே கொண்டுபோய்விட்டார். பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து, "விடாதே சுப்புணி!" என்று குரல்கள் எழுந்தன. விடவில்லை. முழங்கால்களை விறைப்பாக நிறுத்தி, இடுப்பை வளைத்து, அப்படியே இடது பக்கம் திருகிக்கொண்டு ஒரே வீச்சில் எம்பினேன். என் மாணவன் ஒருவன் ஒரு கிரேனை அப்படி வரைந்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

முதுகின் அடிப்பாகத்தில் ஏதோ ஒன்று, துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்புவது போல, டக்கென்றது.

ராஜி கெட்டிக்காரி. நான் மடியத் தொடங்கியதுமே நழுவித் தன் காலில் இறங்கி நின்றாள். மாப்பிள்ளை, "அய்யோ, என்ன ஆச்சு?" என்று கீழே குனிந்தான். குனிந்த கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டாள். பெண் வீட்டுத் தந்திரம் என்று பந்தலே ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்திலும் நாதஸ்வரத்திலும் என் அலறல் எவர் காதிலும் விழவில்லை.

எல்லோரும் ஊஞ்சலுக்கு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. இடுப்பிலிருந்து தலை வரை தரைக்குச் சமமாகக் கிடைமட்டத்தில் இருந்தேன். நிமிர முயன்றால் கண்ணில் பொறி பறந்தது. பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உலகம் எனக்குப் பாதங்களின் வரிசையாக மாறியிருந்தது.

முதலில் வந்து நின்ற பாதங்கள் முதிர்ந்தவை, பித்தவெடிப்பு உள்ளவை. கண் சரியாகத் தெரியாத, வேதம் கரைகண்ட கனபாடிகள் ஒருவர். தம் எதிரில் ஒருவன் குனிந்து நிற்பதைக் கண்டதும் கையை உயர்த்தி, "தீர்க்காயுஷ்மான் பவ" என்றார். ஆசீர்வாதம் முடிந்தது, போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "ம்... அபிவாதயே சொல்லு" என்றார். நமஸ்காரம் செய்தவன் குனிந்தபடியே தன் ரிஷி, கோத்திரம், சூத்திரம், பெயர் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும் என்பது முறை. வேறு வழியில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தேன். வலியில் ஒரு ரிஷியை விட்டுவிட்டேன். "மறுபடியும் சொல்லு" என்றார்.

அவர் நகர்வதற்குள் இன்னொரு ஜோடிப் பாதங்கள். "ஏண்டா, அவருக்கு மட்டும்தானா? நான் உங்கப்பாவுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா. எனக்குக் கிடையாதோ?" அவருக்கும் சொன்னேன். அதைப் பார்த்து வேறு இருவர் வரிசையில் நின்றார்கள். அந்த அரைமணியில் நான் பெற்ற ஆயுளையெல்லாம் கூட்டினால் இன்றைக்கும் முக்கால் பங்கு மீதம் இருக்கும். (அதை இப்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.)

பிறகு அம்மாவின் பாதங்கள் வந்தன. கூடவே எனக்குப் பழக்கமில்லாத மூன்று ஜோடிகள்.

"இவன்தான் எம்பிள்ளை. சுப்புணி, இவாதான் நான் சொன்னேனே..."

"நமஸ்காரம்" என்றேன், அவர்களுடைய கால்விரல்களைப் பார்த்து.

பெண்ணின் தகப்பனார் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா அலமு! காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுக்கற பையன். பெரியவா முன்னாடி தலையை நிமித்தலை பாரு. இந்தக் காலத்துல இவ்வளவு விநயத்தை எங்கே பாக்கறது?"

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சற்று நேரம் அதை அனுபவித்தாள். பிறகு, "போறும்டா, எழுந்திரு. மாமா பேசறார் பாரு" என்றாள்.

"எழுந்துக்க முடியலைம்மா."

"என்னடா முடியலை?"

"பிடிச்சுண்டுடுத்து."

அடுத்த நொடியில் என்னைச் சுற்றிப் பாதங்களால் ஒரு வேலி எழுந்தது. அத்தனை வாய்களும் வைத்தியம் சொல்லின. அடுத்த வீட்டு மலையாள அம்மா தைலம் காய்ச்சித் தடவச் சொன்னாள். ஒருவர் இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுத்தால் நேராகிவிடும் என்றார். அவர் ஜவுளி வியாபாரி. பாலக்காட்டு மாமா, தாமே என்னை அலாக்காகத் தூக்கி ஒரு உதறு உதறுவதாகப் பெருந்தன்மையோடு முன்வந்தார். அப்போதுதான் யாரோ, "கிட்டாமணியைக் கூப்பிடுங்கோ!" என்றார்கள்.

கிட்டாமணி கல்யாணத்துக்குச் சமையல் செய்ய வந்தவர். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்தவர். அப்படிப் பிறந்தவர் காலால் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சமையலுக்கு இணையாக அந்தக் காலுக்கும் அவருக்குப் புகழ் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர்கள் பாதிப்பேர் அவரிடம் உதை வாங்கியவர்கள் என்று சொல்வார்கள். அவர் பாயசக் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். வலது காலை மட்டும் தனியாகக் கழுவிக்கொண்டார். கூட்டம் பயபக்தியோடு வழிவிட்டது.

"பயப்படாதேள். ஒரே உதை. மூணாவது முதுகெலும்புல. நீங்க பந்தக்காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ."

படித்தவன் நான். மறுத்திருக்க வேண்டும். ஆனால் வலி ஒரு எல்லையைத் தாண்டினால் பட்டம் உதவாது, கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பின்வாங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.

"நில்லுங்கோ!"

பெண்குரல். கண்ணைத் திறந்தேன். எனக்கும் கிட்டாமணிக்கும் நடுவில் ஒரு ஜோடிப் பாதங்கள். மற்றப் பாதங்கள் வெறுமனே நின்றிருக்க, அவை மட்டும் வேலைக்கு வந்தவைபோல அகன்று ஊன்றியிருந்தன.

"உதைக்கப்படாது. உள்ளே டிஸ்க் நகந்திருந்தா, உதைச்ச வேகத்துல நரம்புல போய் இடிச்சுடும். அப்புறம் கால் விழுந்துடும்."

"குழந்தே, இது சாதாரணக் காலில்லே. சுவாமி குடுத்த காலாக்கும்" என்றார் கிட்டாமணி.

"அவர் முதுகும் சுவாமி குடுத்ததுதான். அதுவும் ஒண்ணுதான் இருக்கு."

"கோமு!" என்று அவள் அம்மா பல்லுக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "வா இந்தப் பக்கம்!"

பாதங்கள் நகரவில்லை. யாரோ ஒரு மாமி, "நீ யாருடியம்மா? நர்ஸா?" என்றாள்.

முகத்தைப் பார்க்க முடியாத எனக்கு அவள் கால் பெருவிரல் தரையை அழுத்துவது மட்டும் தெரிந்தது. 'ஆமாம்' என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். 'இல்லை' என்று சொல்லியும் ஒதுங்கியிருக்கலாம். மூன்றாவது வரன் குனிந்த நிலையில் எதிரிலேயே இருந்தது.

"நர்ஸ் இல்லே, மாமி. பிசியோதெரபிஸ்ட். கை கால் விழுந்தவா, கழுத்துப் பிடிச்சவா, தோள் தூக்க முடியாதவா, இவாளையெல்லாம் தொட்டுத்தான் எங்க வைத்தியம். ஆம்பளை, பொம்பளை எல்லாரையும்."

அவள் அம்மா எங்கோ பின்னால் ஒரு பெருமூச்சு விட்டாள். பந்தலில் காற்று குறைந்ததுபோல் இருந்தது. கோமதி அதைக் காதில் வாங்காமல் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குரலைச் சற்றும் தாழ்த்தாமல், வருங்காலக் கணவனிடம் தன் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போறதுல தடை ஏதாவது உண்டா?"

நாதஸ்வரக்காரர் அந்தச் சமயம் பார்த்து ஒரு கீர்த்தனையை முடித்திருந்தார். பூரண நிசப்தம். நாலு தலைமுறை உறவினர்களும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"இ... இல்லை" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்கோ."

"இல்லே!"

"நல்லது. கால் மரத்துப்போறதா? இருமினா வலி காலுக்குள்ள இறங்கறதா?"

(முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கொத்து நசுங்கினால் முதலில் தவறுவது சிறுநீர், அப்படியானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே அதுதான் முதல் கேள்வி. இந்த நியாயத்தை அவள் எனக்கு விளக்கியது ஒரு வாரம் கழித்து. அந்த வாரம் முழுவதும் நான் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தேன்.)

பிறகு என்னை இறக்கினாள். இழுக்கவில்லை. மண்டிபோட வைத்து, கைகளை ஊன்ற வைத்து, பக்கவாட்டில் சாய வைத்து, ஜமக்காளத்தில் மல்லாத்தினாள். மரத் தொழிற்சாலையில் ஒரு பலகையைக்கூட அவ்வளவு மரியாதையோடு திருப்பமாட்டார்கள். ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, என் இரண்டு கெண்டைக்கால்களையும் அதன்மேல் வைத்தாள். இடுப்பும் முழங்காலும் மடங்கியதும், முதுகில் முறுக்கிக்கொண்டிருந்த கயிற்றை யாரோ ஒரு சுற்றுத் தளர்த்தியதுபோல் இருந்தது. பின்னர் என் வலது காலை, கல்யாணப் பந்தலில், இரு வீட்டாரும் சூழ்ந்து நிற்க, குதிகாலைப் பிடித்து மெல்ல மேலே உயர்த்தினாள்.

"எங்கே வலி வரதுன்னு சொல்லுங்கோ."

"ஏறக்குறைய அறுபது டிகிரியில."

"டிகிரி நான் பாத்துக்கறேன். எடத்தைச் சொல்லுங்கோ."

"முதுகுல. கால்ல இல்லே."

"கால் கட்டைவிரலை மேலே மடக்குங்கோ. என் கையைத் தள்ளுங்கோ. இன்னும் பலமா. காலேஜ் வாத்தியார்ங்கறேள், இவ்வளவுதானா?"

அப்போதுதான் அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, ஒரு பக்கம் பூச்சரம் நழுவியிருந்தது. தீர்ப்பும் வந்தது: "நரம்பு நசுங்கலை. தசை பிடிச்சுண்டிருக்கு. தசைமேல தப்பில்லே. உள்ளே ஏதோ கலவரம்னு வாசல் கதவை இறுக்கி அடைச்சுண்டுடுத்து, காவக்காரன் மாதிரி. பலவந்தமாத் திறந்தா இன்னும் இறுக்கும். சூடு குடுத்து, சமாதானம் சொல்லித்தான் திறக்கணும். நாலு நாள்ல காலேஜுக்குப் போகலாம்."

(நான் கல்லூரிக்குப் போக ஒரு மாதம் ஆயிற்று. அந்த 'நாலு நாளை' அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டினேன். தசைகள் புத்தகம் படிப்பதில்லை என்பது அவள் சமாதானம்.)

வெந்நீருக்கு ஆள் அனுப்பினாள். காபி பாய்லரிலிருந்து கிட்டாமணியே கொண்டுவந்து வைத்தார். ஆனால் அன்று முழுவதும் அவர் அவளிடம் பேசவில்லை. பாயசத்தில் முந்திரி குறைந்ததற்கும் அந்த மனவருத்தமே காரணம் என்று அத்திம்பேர் சொல்வார்.

முகூர்த்த வேளை வந்துவிட்டது. கெட்டிமேளம் கொட்டியபோது நான் பந்தல் மூலையில், நாற்காலிமேல் காலைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. என்மேல் விழுந்த அட்சதையிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

அட்சதை அடங்கியதும் பேச்சு தொடங்கியது. படுத்திருப்பவனுக்குக் காது கேட்காது என்று மனிதர்கள் ஏனோ நம்புகிறார்கள்.

"பொண் பாக்க வந்த எடத்துல பையன் காலைத் தூக்கிட்டாளே! கேட்டேளா?"

"கேட்டதையும் கேட்டேளே! என்ன கேள்வி!"

"அதான் ரெண்டு எடம் தட்டிப்போயிருக்கு. இப்பன்னா தெரியறது."

கோமதியின் பெற்றோர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்னால் செருப்பைத் தேடுவது என்றால் என்ன பொருள் என்று எங்களவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டிய தருணம் அது. கூரையில் கட்டியிருந்த மாவிலைகளைப் பார்த்தபடி ஒரு நல்ல வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடிவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

கோமதியைக் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அந்தத் தூண் என் தலைமாட்டில் இருந்தது.

"ஏண்டி, எனக்கு மாடிப்படி எறங்கறச்சே முட்டி குத்தறது. ஏர்றச்சே அவ்வளவு இல்லே. அது என்னது?"

"காலம்பற எழுந்தா விறைப்பா இருக்கா, மாமி?"

"இருக்கு. நாலடி நடந்தா விட்டுடறது."

"முட்டித் தேய்மானம். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லே. தொடைத் தசைக்குப் பலம் குடுத்தா முட்டிக்குப் பாரம் குறையும். நான் பயிற்சி சொல்லித் தரேன். உக்காந்த எடத்துலயே பண்ணலாம்."

"தினம் பண்ணணுமா?"

"தினம்."

"தினம்னா, யார் வந்து பாத்துப்பா?"

அம்மா தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்த கோமதியின் தகப்பனார் முன்னால் போய் நின்று, பந்தல் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என்ன கிளம்பிட்டேள்? நன்னாருக்கே நியாயம்! ஊர் பாக்க, உறவு பாக்க, உங்க பொண்ணு எம்பிள்ளையைத் தொட்டுட்டா. கேக்கக்கூடாததையெல்லாம் கேட்டுட்டா. இனிமே அவனை எவ கட்டிப்பா? எம்பிள்ளைக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்கோ!"

முதலில் சிரித்தது பாலக்காட்டு மாமா. பிறகு பந்தலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, முதுகு அனுமதிக்கவில்லை. சிரிப்புக்கும் அலறலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியை எழுப்பினேன். அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த வாரம் முதல் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் பின் சீட்டில் படுத்தபடி போனேன். அந்தப் பெரிய கூடத்தில்தான் மனித உடம்பை முதன்முதலாகப் படித்தேன். தோள் உறைந்துபோன ஒரு பாட்டு டீச்சர், தினமும் சுவரில் விரல்களை எறும்புபோல் ஏற்றி, நேற்று எட்டிய பென்சில் கோட்டை இன்று தாண்டப் பார்ப்பார். பக்கவாதம் வந்த ஒரு பேங்க் மானேஜர், ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு வேர்க்கடலையை மாற்றிக்கொண்டிருப்பார். கோமதி திரும்பினால் இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொள்வார். நடுக்குவாதம் வந்த ஒரு பெரியவர் எழுந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால், கோட்டைத் தாண்டித் தாண்டி அழகாக நடந்துபோவார். முகவாதம் வந்த ஒரு மாணவன் கண்ணாடி முன்னால் கன்னத்தை ஊதி, விசிலடிக்க முயன்று, புருவத்தைத் தூக்கிக்கொண்டிருப்பான். என்னைக் கண்டதும் எழுந்து நிற்பான். அவன் என் வகுப்பு.

நான் இடுப்பில் வார் கட்டி, எடை தொங்க, இழுவைக் கட்டிலில் கிடப்பேன். என் பாடத்தில் வரும் அதே கப்பி, அதே கயிறு, அதே எடை. பக்கத்துக் கட்டிலில் கழுத்து இழுவையில் விழிஞ்ஞத்து மீனவர் ஒருவர். அவருக்கு மரத்துப்போனது விரல்கள். கோமதி வைத்தியம் செய்ததோ கழுத்துக்கு. "வலி இருக்கற எடம் வேற, வலியோட சொந்த ஊர் வேற" என்பாள்.

"சாரே, எனிக்கு வலை வலிச்சு வந்நதா. சாருக்கு எங்ஙனெ?" என்று அவர் ஒருநாள் விசாரித்தார். தமக்கு வலை இழுத்து வந்தது, எனக்கு எப்படி வந்தது என்பது கேள்வி.

வார் அவிழ்த்து எழுந்து நின்றிருந்த நான், கல்யாணத்தில் அக்கா பெண்ணைத் தூக்கியதைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடியே, "நிங்ஙள் பட்டன்மார் கல்யாணத்தினு பெண்ணைக் கெட்டுகயல்லே செய்யுந்நது? பொக்குகயாணோ?" என்றார். தமிழ் பிராமணர்களான நீங்கள் கல்யாணத்தில் பெண்ணைக் கட்டுகிறீர்களா, தூக்குகிறீர்களா என்கிறார். கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதை நான் நேராக நின்று பார்த்த முதல் நாள் அதுதான்.

ஆவணியில் எங்கள் கல்யாணம். அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: யாரும் யாரையும் தூக்கக் கூடாது. இரண்டு மாமன்மாரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க, நாங்கள் தரையில் நின்றபடி மாலை மாற்றிக்கொண்டோம். இதற்கென்றே பாலக்காட்டிலிருந்து வந்திருந்த மாமா, "இதுக்கு நான் எதுக்கு லீவு போட்டுண்டு வந்தேன்?" என்று குறைப்பட்டார்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் பாரம் தூக்குவது என்பது அவள் ஆட்சிக்குட்பட்ட துறையாயிற்று. காஸ் சிலிண்டரானாலும் ஆட்டுக்கல்லானாலும் அழும் குழந்தையானாலும், எடுக்கப் போகிறவன் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் எழும்: "முழங்காலை மடக்கு! முதுகை நேரா வை! நெஞ்சோட அணைச்சுக்கோ! திருகாதே!" பெண்களின் கல்யாணத்தில் தூக்கியே தீருவேன் என்ற மாமன்மாருக்கு முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை நடத்துவாள். அவள் பார்த்துத் தூக்கியவர் எவருக்கும் பிடித்துக்கொண்டதில்லை. மூன்றாம் தலைமுறை வரை எல்லோரும் ஒரு பை அரிசியை எடுப்பதானாலும் உட்கார்ந்து எழுகிறார்கள். கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். புதிதாக வரும் மாப்பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியும் அவள் என்னிடம் கேட்டதுதான். பதிலைச் சத்தமாகச் சொல்லவும் வைக்கிறார்கள்.

போன ஆடியில் கோமதி காலமானாள். வாசலில் எல்லாம் முடிந்து, எடுக்க வேண்டிய நேரம். உறவுப் பையன்கள் நால்வர் முன்வந்தார்கள். துக்கத்தில் ஒருவருக்கும் நிதானமில்லை. நால்வரும் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். வாசற்படியில் நின்றிருந்த ராஜி, தலை முழுக்க நரைத்த ராஜி, அழுகையை நிறுத்திவிட்டு அதட்டினாள்:

"டேய்! முழங்காலை மடக்குங்கோடா! அவ பாத்துண்டிருக்கா!"

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பையன்கள் நால்வரும் நிமிர்ந்து, மறுபடி முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, நெஞ்சோடு அணைத்து, திருகாமல், ஒரே சீராக எழுந்தார்கள். அவ்வளவு ஒழுங்கான தூக்குதலை என் வாழ்நாளில் கண்டதில்லை.

என்னைத் தூக்க விடவில்லை. இருந்தும், நின்ற இடத்திலேயே நானும் முழங்காலை மடக்கியிருந்தேன்.